கப்ராஹட் என்று மட்டும் சொல்லாதே

பெரார்கஞ்ச்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் உமா மகேஸ்வரிக்கு, அம்மா நீலாவதி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே தீவில் நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம், மழை இன்னும் விட்டபாடில்லை, கூரை மட்டும் இந்த வருஷம் ஒழுகவில்லை. அங்கே நொய்டாவில் நீயும் மாப்பிள்ளை ஸ்ரீதரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் மீட்டிங் என்கிறாய், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதைக் கேட்காமலேயே பதிலுக்கு ஒரு சிவப்பு இதயத்தைத் தட்டிவிடுகிறாய். காகிதத்திடம் மீட்டிங் என்று சொல்ல முடியாது. அதனால் ஸ்பீட் போஸ்டில் போடச் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து முழுக்கப் படி, மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ பேசியதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே வெறுப்பாக இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சீப்பை வைத்தால் முடி கொத்தாக வருகிறது என்று என்னவோ சினிமாக் கதை சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னாய். நீ பேசிக்கொண்டிருந்தபோது உன் கையில் காபிக் கோப்பை ஆடியதை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. அதோடு விட்டாயா, கையில் கட்டியிருக்கும் வாட்ச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் வேகமாக ஓடுகிறது என்று அடிக்கடி கத்துகிறது, அந்தத் தொல்லை தாங்காமல் கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன் என்றாய். திருடன் வந்தான் என்று குரைக்கிற நாயை வாயைக் கட்டிப் போடுவதுபோல் இருக்கிறது நீ செய்த காரியம். பின்னாலிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, எல்லாம் ஆபீஸ் டென்ஷன்தான் அத்தை, யோகா கிளாஸ்ல சேத்துவிடப் போறேன் என்றார். மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசக்கூடாது என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். டாக்டரிடம் போய் ரத்தம் பார் என்று உன்னிடம் மட்டும் சொன்னேன், பார்க்கலாம்மா என்றாய். டென்ஷன் என்கிற வார்த்தையும் பார்க்கலாம் என்கிற வார்த்தையும் எனக்கு இப்போது காதில் விழுந்தாலே குமட்டுகிறது. ஏனென்றால் இந்த இரண்டையும் ஆறு மாதம் கேட்டுக் கேட்டுத்தான் நான் படகில் விழுந்தேன்.

படகில் எனக்கு மயக்கம் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், தைராய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். அதுவும் உன் அப்பா சொல்லித் தெரியும். அம்மாக்கு லேசா டென்ஷன், அப் டீக் ஹை, இப்ப சரியாயிடுச்சு, நீ ஒண்ணும் கவலப்படாத என்று அவர் உனக்குப் போனில் சொன்னதை நான் பக்கத்திலேயே கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டேன். கையில் ஊசி குத்தியிருந்ததால் போனைப் பிடுங்க முடியவில்லை. நடந்ததை இப்போது நானே சொல்கிறேன்.

பொங்கல் முடிந்த பிறகு ஆரம்பித்தது. கிணற்றடியில் அந்தப் பெரிய நத்தைகள் மறுபடி வந்து அப்பிக்கொண்டன, கைப்பிடி அளவு ஒவ்வொன்றும், அதன் எச்சில் கோடு சுவரெல்லாம். இடுக்கியால் எடுத்து உப்பு வாளியில் போட்டுக்கொண்டிருந்தேன். ஓடவில்லை, பாரம் தூக்கவில்லை, திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி அடிக்க ஆரம்பித்தது. அதுவும் ஒரு தாளத்தில் இல்லை. இரண்டு வேகமாக, ஒன்று காணோம், மறுபடி நாலைந்து சேர்ந்தாற்போல். அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நத்தையைப் பார்த்து அருவருத்துப் போனதால்தான் என்று நானும் நினைத்தேன். அப்புறம் அது நத்தை இல்லாத இடத்திலும் வந்தது. சோறு வடிக்கும்போது, சாமி கும்பிடும்போது, சும்மா படுத்திருக்கும்போது. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. நன்றாகத்தான் சாப்பிட்டேன், முன்னைவிட அதிகமாகவே சாப்பிட்டேன், ஆனால் உடம்பு கரைந்துகொண்டே போனது. பக்கத்து வீட்டுப் புஷ்பா, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து இங்கே குடிவந்தவள், உனக்குத் தெரியுமே, அவள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, என்னங்க அக்கா, எளச்சு கலியாணப் பொண்ணு கணக்கா ஆயிட்டீங்க, எனக்கும் அந்த வித்தையச் சொல்லுங்க என்றாள். ஒரு மனுஷி கண்ணெதிரே உருகிப்போகிறாள், அதைப் பார்த்து வித்தை கேட்கிறார்கள்.

உன் அப்பா என்னைக் கிளினிக்குக் கூட்டிப் போனார். எந்தக் கிளினிக் என்று கேட்காதே, அந்தப் பெயரை எழுதினால் என் பேனா நாறும். மெயின்லேண்டிலிருந்து வந்த பையன் டாக்டர், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கியது, தொங்கியதோடு சரி, அது என் நெஞ்சுக்கு வரவே இல்லை. அங்கே நாற்காலி அப்பாவுக்கு, ஸ்டூல் எனக்கு, பேச்சும் அப்பாவுக்கு. எனக்கா இந்தி தெரியாது? மீன்காரியிடமும் ரேஷன் கடையிலும் முப்பது வருஷமாக இந்தியில் சண்டை போடுகிறவள் நான்தான். ஆனால் டாக்டர் முன்னால் என்றால் உன் அப்பாவுக்குப் பொதுப்பணித் துறையில் மேஸ்திரிகளை மேய்த்த இந்தியைக் காட்டியே ஆக வேண்டும். நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொல்லுங்க என்று நான் தமிழில் சொன்னேன். அவர் திரும்பி, இஸ்கோ கப்ராஹட் ஹோதா ஹை டாக்டர் சாப், பேட்டி தூர் மே ஹை நா, பஹுத் டென்ஷன் லேதி ஹை என்றார். பெண் தூரத்தில் இருக்கிறாளாம், அதனால் எனக்கு டென்ஷனாம். கப்ராஹட் என்றால் இந்தத் தீவில் எல்லாரும் நெஞ்சுப் படபடப்புக்கும் சொல்கிறார்கள், பயந்து நடுங்குவதற்கும் சொல்கிறார்கள். நம் படபடப்பும் அதே லட்சணம்தான், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் படபடப்பு, இதயம் தறிகெட்டு ஓடுகிறவளுக்கும் படபடப்பு. இரண்டு அர்த்தத்தில் அந்த டாக்டருக்குச் சுலபமானது எதுவோ அதை எடுத்துக்கொண்டார். ஆன்ட்டி, டென்ஷன் மத் லோ, அதாவது டென்ஷன் படாதீர்கள் என்று சிரித்துக்கொண்டே தூக்க மாத்திரை எழுதினார். மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் நாடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தொடவில்லை. வெளியே வந்ததும் அப்பா, பாத்தியா, ஒண்ணுமில்லன்னுட்டாரு என்று வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அந்த மாத்திரையைத் தின்ற நாட்களை நினைத்தால் எனக்கே என்மேல் ஓக்காளம் வருகிறது. வாயெல்லாம் துருப்பிடித்த கசப்பு, தலையணையில் எச்சில் வழிந்து கிடக்கும், எழுந்தால் தலை கிறுகிறுக்கும். நான் தூங்கினேனே தவிர என் நெஞ்சு தூங்கவில்லை, அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தது. இதற்குள் ஊர் முழுக்கச் செய்தி, நீலாவதிக்கு மகளை நினைத்து மனசு சரியில்லை என்று. வருகிறவர்கள் எல்லாம் ஆப்பிளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குழந்தை குட்டி உண்டாச்சா உமாவுக்கு, அதான் கவலையோ என்று என் வாயைக் கிண்டுவார்கள். எனக்கு அந்தக் கவலையே இல்லை என்று சொன்னால் நம்பாமல் என் கையைத் தடவிக் கொடுப்பார்கள். ஈரக் கை, மீன் வாடை. எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வருவேன்.

அப்புறம் நம் சொந்தக்காரி நளினி வீட்டுக் காதுகுத்து. கடலுக்கு அக்கரையில் டாலிகஞ்சில் வைத்திருந்தார்கள், போகாவிட்டால் முறைத்துக்கொள்வாள். பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் பாம்பூபிளாட் போய், சாத்தம் போகிற படகில் ஏறினோம். நீ காலேஜுக்குப் போன அதே படகுதான், கடல் என்றே தெரியாத அளவுக்கு அமைதியான தண்ணீர். நடுவில் வரும்போது நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது, இந்தத் தடவை நிற்கவில்லை. மூச்சு மேலேயே நின்றுகொண்டது, கண்ணில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக வந்து, பக்கத்தில் ஏற்றி நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடியே சரிந்துவிட்டேன். முழுக்க நினைவு தப்பவில்லை, காது கேட்டது. உன் அப்பா பத்திரிகையால் விசிறிக்கொண்டே சுற்றி நின்றவர்களிடம் கப்ராஹட் ஹை, கப்ராஹட், குச் நஹீன், ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வங்காளத்து அம்மாள் கடல் குமட்டல் என்று எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்துத் தேய்த்தாள். ஒருவர் பலமாக இருமச் சொன்னார், வாட்ஸப்பில் வந்ததாம். இன்னொருவர் வலிப்பு என்று முடிவு கட்டி என் உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்தார், அதுவும் போதாது என்று தன் காலிலிருந்த செருப்பைக் கழற்றி என் முகத்துக்கு நேரே பிடித்தார். யார் யாரோ மிதித்த சாணியும் மீன் தண்ணீரும் ஊறின செருப்பு. உமா, சாகப் போகிறோமோ என்ற பயத்தைவிட அந்த வாடை என்னை அதிகமாக வதைத்தது. இத்தனை பேர் நல்ல மனசோடு நிற்கிறார்கள், ஒருவருக்கும் என் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சாத்தத்தில் இறக்கி, ஆட்டோவில் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா, மலையாளி, கொஞ்சம் தமிழும் பேசினாள். உன் அப்பா வழக்கம்போல் முன்னால் போய்த் தன் இந்தியைத் தொடங்கினார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அவங்க சொல்லட்டே என்றாள். நான் படபடப்பு என்றேன். அவள், அந்த வார்த்தை வேண்டாம், எப்படி அடிக்குதுன்னு இந்த மேசை மேல விரலால தட்டிக் காட்டுங்க என்றாள். நான் தட்டினேன். கிணற்றடியில் கேட்டது போலவே, இரண்டு வேகமாக, ஒன்று காணோம், நாலைந்து சேர்ந்தாற்போல். என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்துவிட்டாள். உடனே படுக்க வைத்து, பசை மாதிரி குளுகுளுவென்று எதையோ நெஞ்செல்லாம் தடவி, கம்பிகளை ஒட்டி, காகிதத்தில் கோடு எடுத்தார்கள். இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடிக்கிறதாம், அப்படித் துடித்தால் அங்கே ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய் அடைத்து, கை கால் விழுந்துவிடவும் கூடுமாம். அதற்குக் காரணம் என்ன என்று ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது. இளைத்தது, வேர்த்தது, கை நடுங்கியது எல்லாம் அதனால்தான். ஆறு மாதம் மகளை நினைத்து உருகுகிறாள் என்று ஊர் பேசியது கழுத்தில் இருக்கிற ஒரு சுரப்பியைப் பற்றித்தான்.

இப்போது அதைக் குறைக்க ஒரு மாத்திரை, நெஞ்சின் வேகத்தை அடக்க ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் உடனே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள், அந்தத் தைராய்டு மாத்திரையின் குணம் அப்படியாம். இன்னொன்றும் சொன்னாள், இந்த நோய் இருந்தால் எரிச்சலும் கோபமும் கூட வரும் என்று. அதை ஏன் என் புருஷன் காதில் விழும்படி சொன்னாளோ. அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம், கல்யாணமான நாளிலிருந்து நான் போட்ட சண்டை அத்தனையும் தைராய்டுதான் என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். மாத்திரை தின்று இரண்டாவது மாதம், கை நடுக்கம் நின்றுவிட்டது, வேர்வை நின்றுவிட்டது, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது என் சொந்தக் கோபம் என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. நளினியும் வந்து பார்த்தாள், காதுகுத்துக்கு வராமல் போனதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பார்த்தாள். பாக்கு இந்த வருஷம் காயவே இல்லை, கொட்டகை முழுக்கப் பூஞ்சணம் பிடித்து ஊசின வாடை அடிக்கிறது, அதையும் அப்பா டீக் ஹோ ஜாயேகா, சரியாகிவிடும் என்றுதான் சொல்கிறார்.

இவ்வளவும் எதற்குச் சொன்னேன் என்றால், டாக்டரம்மா என்னை வீட்டுக்கு அனுப்பும்போது, இது குடும்பத்தில் வரும், உங்க மகளுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்க என்றாள். அதை உன் அப்பா உன்னிடம், முடிஞ்சா ஒரு செக்கப் பண்ணிக்கோ என்று தேன் தடவிச் சொன்னார். நான் தடவாமல் சொல்கிறேன். உனக்கு இருக்கிறது எல்லாம் எனக்கு இருந்ததுதான். ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம், ரத்தம் குறைவாக இருந்தாலும் நெஞ்சு அடிக்குமாம், தூக்கம் கெட்டாலும், காபியை அண்டா கணக்கில் குடித்தாலும், மூக்கடைப்புக்கு மெடிக்கலில் நாமே வாங்கிப் போடுகிற சில மாத்திரைகளாலும் கூட அடிக்குமாம். நிஜமாகவே டென்ஷனாகவும் இருக்கலாம். ஆனால் அதை டாக்டர் ரத்தமும் ஈசிஜியும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும், யோகா கிளாஸ்காரன் சொல்ல வேண்டாம். எப்போதோ ஒரு தடவை நெஞ்சு துள்ளிவிட்டு அடங்கினால் அது எல்லாருக்கும் உள்ளதுதான், அதற்கெல்லாம் நான் பயப்படச் சொல்லவில்லை. அடிக்கடி வந்தால், வந்து நின்றுகொண்டால், டாக்டரைப் பார்க்க வேண்டும், உனக்கு அந்தக் கட்டம் தாண்டியாயிற்று. அடிக்கும்போது மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு விட முடியாமல் போனாலோ, எனக்குப் போன் செய்யாதே, மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதே, நீயே வண்டியை எடுக்காதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

டாக்டரிடம் நீயே பேசு, மாப்பிள்ளை வெளியே உட்காரட்டும். நீ இருக்கிற ஊரில் எல்லாம் இந்திதான், வாயில் அந்தக் கப்ராஹட் வந்துவிடும், அதை மட்டும் சொல்லாதே. முப்பது வயசுப் பெண், கம்பெனி வேலை, கப்ராஹட் என்றால் பேனா தானாகவே டென்ஷன் என்று எழுதிவிடும். இதயத் துடிப்பையே நேராகச் சொல், தில் கீ தட்கன் என்று சொல், எப்போது ஆரம்பிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சொல், அம்மாவுக்குத் தைராய்டு என்று சொல், அதுவும் புரியாவிட்டால் மேசையில் தட்டிக் காட்டு. அந்த வாட்சை எடுத்துக் கையில் கட்டி, அது கத்தினதையெல்லாம் டாக்டருக்குக் காட்டு.

அன்றைக்குப் படகில் காது மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தபோது எனக்குச் சாமி ஞாபகம் வரவில்லை. உன் அப்பா இன்றைக்கு உனக்குப் போன் செய்து, அம்மாக்கு டென்ஷன் ஜாஸ்தி ஆயிடுச்சு என்று சொல்வார், நீயும் அதை நம்பிக்கொண்டு, நான் தூரத்தில் இருந்ததால்தான் அம்மா போய்விட்டாள் என்று ஆயுசு முழுக்க அழுவாய் என்று நினைத்தேன். அதை நினைத்ததும் வந்த வெறுப்பில்தான் கண்ணைத் திறந்தேன். உமா, அதே மாதிரி ஒரு போன் உன்னைப் பற்றி எனக்கு வந்தால் நான் என்ன செய்வேன் சொல். கப்பலில் ஏறினால் சென்னைக்கே மூன்று நாள், மழை பிடித்தால் பிளேன் திரும்பிப் போய்விடுகிறது. எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் நான் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். உன் வீட்டிலிருந்து ரத்தம் எடுக்கிற இடம் ஒரு தெரு தள்ளி இருக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். எனக்கும் உனக்கும் நடுவில் இருப்பது கடல். நான் வர முடியாது, அதனால் நீ போ. எனக்குப் பயமாக இருக்கிறது, உமா. இது தைராய்டும் இல்லை, டென்ஷனும் இல்லை, பெற்றவளுடைய பயம், இதற்கு எந்த மாத்திரையும் கிடையாது.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், ஒருவரையொருவர் ஏசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். ரத்தம் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். ரிசல்ட் வந்த அன்றைக்கு எனக்குப் போன் செய். எடுத்ததும் நல்லா இருக்கேம்மா என்று சொல்லாதே, அந்தப் பேப்பரில் இருக்கிற நம்பரை முதலில் படி. அதைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு, நல்லா இருக்கியாடி என்று நானே கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும்
அம்மா நீலாவதி சிவப்பிரகாசம்.